மொட்டையை அடையாளம் காணாத பூட்டு

என் இடத்துக்கு வந்திருக்கும் திவ்யா போன மாதம் போன் செய்து, புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு பக்கம் எழுதித் தாருங்கள், உங்கள் அனுபவத்தில் முக்கியமானது மட்டும் போதும் என்றாள். ஒரு பக்கத்தில் அடங்குகிற அனுபவத்துக்கு யாராவது முப்பத்து மூன்று வருடம் சம்பளம் கொடுப்பார்களா? பக்கக் கணக்கு பார்க்காமல் எழுதுகிறேன். வேண்டாததை அவள் வெட்டிக்கொள்ளட்டும்.

நான் வேலை பார்த்தது சித்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் நான் பிரஷர் மாத்திரை வாங்குகிறேன். திருப்பதியில் அதற்கு ஒரு கிளை, புத்தலப்பட்டிலும் காளஹஸ்தியிலும் சின்னச் சின்ன கிளினிக்குகள். கடைசி எட்டு வருடம் நான் கிளவுட் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தேன். நோயாளிகளின் பதிவுகள் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் இல்லை. எங்கேயோ ஒரு கம்பெனியின் இயந்திரங்களில் இருக்கின்றன, நாங்கள் இன்டர்நெட் வழியாகத் திறந்து பார்க்கிறோம். பார்க்க வேண்டியவர்கள் பார்க்க வேண்டும், பார்க்கக் கூடாதவர்கள் பார்க்கக் கூடாது. என் வேலை இவ்வளவுதான். சொல்ல ஒரு வரி, செய்யத்தான் அந்தப் பிரஷர் மாத்திரை.

இந்த வேலைக்கு வேண்டிய ஒரே தகுதி சந்தேகம். அது எனக்குப் பிறவியிலேயே உண்டு. ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது, வாசலில் என் செருப்பு இருக்கிறதா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பேன். ஆண்டவர் மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒரு தடவை செருப்பு நிஜமாகவே இல்லை. என் வீட்டுக்காரர், உனக்குச் சம்பளமும் கொடுத்துச் சந்தேகப்படவும் சொல்கிறார்கள், இதைவிட என்ன பாக்கியம் வேண்டும் என்பார்.

சேர்ந்தது ரெக்கார்டு ரூமில், கோப்புகளைத் தூசி தட்டுகிற வேலை. அப்புறம் டைப்பிங், அப்புறம் சாயங்கால பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போய் கம்ப்யூட்டர் கோர்ஸ், அப்புறம் ஏசி போட்ட அறையில் சர்வர்கள். அந்த அறை குளுகுளு என்று இருந்ததால் பாதி ஸ்டாஃப் மோர் பாட்டிலை அங்கேதான் வைப்பார்கள். எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றி அறையைக் காலி செய்த அன்று உண்மையில் வருத்தப்பட்டது வாட்ச்மேன் ஒருவர்தான். மோரை இனி எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்டார்.

பதிவுகள் போய்விட்டன, பழக்கங்கள் போகவில்லை. பெண்கள் வார்டில் சாந்தம்மா சிஸ்டர் பெயரில் ஒரு லாகின் இருந்தது. ஷிஃப்ட் மாறும்போது மருந்து அலமாரிச் சாவியோடு அந்த பாஸ்வேர்டையும் வாய்வழியாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சாந்தம்மா ரிட்டயர் ஆனார், பிறகு காலமும் ஆனார். நான் அடக்கத்துக்குப் போய்ப் பாட்டுப் பாடினேன். ஆனால் பதிவில் அவர் தினமும் மூன்று ஷிஃப்டும் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். பெங்களூரிலிருந்து வந்த ஆடிட்டர் பட்டியலைப் பார்த்துவிட்டு, ஒரு நாள்கூட லீவு எடுக்காத இந்த சாந்தம்மாவை நேரில் பார்த்துப் பாராட்ட வேண்டும் என்றார். நான் அவரைக் காபி குடிக்க அழைத்துப் போய், விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். அவர் காபியைக் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் முகத்தை வைத்துத் திறக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தேன். பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போகலாம், மூஞ்சியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக முடியாது அல்லவா? வைகாசி மாதம் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்தோம். ஆயிரம் தடவை சோதித்தேன். கண்ணாடி போட்டு, கண்ணாடி கழற்றி, வெளிச்சத்தில், இருட்டில் என்று எல்லா விதத்திலும் சோதித்தேன். இதில் ஓட்டை இருக்க முடியாது என்று கர்வத்தோடு கையெழுத்துப் போட்டேன்.

இன்னொரு பூட்டும் வைத்தேன். குறுகிய நேரத்தில் பல பேர் தப்பாக நுழையப் பார்த்தால், யாரோ திருட வந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு மொத்தப் பதிவும் தானாக மூடிக்கொள்ளும். மறுபடி திறக்க இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும். ஒன்று நான், இன்னொன்று எங்கள் நிர்வாக அதிகாரி நாயுடு சார். ஒருவர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்காகக் கம்பெனியின் படிவத்தில் 'மாற்று நபர்' என்று ஒரு கட்டம் இருந்தது.

நாயுடு சாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மூக்குக்குக் கீழே அவருக்கு இருந்த மீசையில் இன்னும் இரண்டு பேருக்குப் பங்கு கொடுக்கலாம். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். சாதாரணமாகப் பேசும்போது மாடிவரை கேட்கும். கோபம் வர வரக் குறைந்து, கடைசியில் உதடு மட்டும்தான் அசையும். அவர் சத்தம் போட்டால் நாங்கள் நிம்மதியாக டீ குடிப்போம். அவர் மெதுவாகப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டால் தலைமை நர்ஸே மாத்திரை தேடுவார்.

அவர் அந்தப் படிவத்தை நிரப்பினார். மாற்று நபர் என்ற கட்டத்தில் தன் பெயரையே எழுதினார். போன் நம்பருக்கு எதிரே தன்னுடைய இரண்டாவது சிம் நம்பரை எழுதினார். அந்த இரண்டாவது சிம்மும் அதே போனில்தான் இருந்தது. நான் பார்த்தேன். இது கூடாது சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அன்று காலை முதலே அவர் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஆவணி மாதம் ஒரு போலி அழைப்பு வந்தது. புது நம்பர், அச்சு அசல் நாயுடு சாரின் குரல். மீட்டிங்கில் இருக்கிறேன், என் முகப் பதிவை மாற்ற வேண்டும், உடனே ஒரு லிங்க் அனுப்பு என்று கோபமாகக் கத்தினார். கோபத்தில் கத்துகிறவர் நாயுடு சாராக இருக்க முடியாது. நான் போனை வைத்துவிட்டு, முகப் பதிவை மாற்ற வேண்டுமென்றால் ஆள் நேரில் வர வேண்டும், போனும் கிடையாது வீடியோவும் கிடையாது என்று புது விதி எழுதினேன். சந்தேகப் பிராணி என்று என்னைக் கிண்டல் செய்தவர்கள்கூட அன்று கை தட்டினார்கள்.

புரட்டாசி வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு வருடமும் மூன்றாம் சனிக்கிழமை ஊழியர்கள் இரண்டு பஸ் வைத்துக்கொண்டு திருப்பதி மலைக்குப் போவார்கள். நேர்ந்துகொண்டவர்கள் முடி கொடுப்பார்கள். முடி என்றால் தலைமுடி, மீசை, தாடி எல்லாம் சேர்த்துத்தான். எங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லை. முப்பது வருடமாக மலையிலிருந்து இறங்கும் பஸ்களில் வரிசை வரிசையாக மொட்டைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தத் தலைகள்தான் திங்கட்கிழமை என் காமிரா முன்னால் வந்து நிற்கப் போகின்றன என்று எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடியைச் சோதித்தேன், இருட்டைச் சோதித்தேன், மொட்டையைச் சோதிக்கவில்லை. திருப்பதிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு இந்தத் தப்பைச் செய்ய ஒரு தனித் திறமை வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ஆரம்பித்தது. ஃபார்மசிக்காரர் நின்றார், சிவப்பு விளக்கு எரிந்தது. எக்ஸ்ரே எடுப்பவர் நின்றார், சிவப்பு. தலையில் பூசிய சந்தனத்தைத் துடைத்துவிட்டு நில் என்று ஒருவர் யோசனை சொன்னார். தொப்பி போட்டுக்கொள் என்றார் இன்னொருவர். லேப் டெக்னீஷியன் முனிரத்தினம் ஒரு நர்ஸிடம் கண்மை வாங்கி மீசை வரைந்துகொண்டு நின்றான். அதற்கும் சிவப்புதான். சித்தூரில் இப்படி என்றால் திருப்பதி கிளையிலும் இதே கூத்து. ஒவ்வொருவரும் விடாமல் ஐந்தாறு தடவை முயற்சி செய்திருக்கிறார்கள். எட்டு மணிக்கு எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் அணைந்து, ஒரு வரி வந்தது: சந்தேகத்துக்குரிய முயற்சிகள், பதிவுகள் மூடப்பட்டன.

உண்மையைச் சொல்கிறேன், முதல் அரை நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது. திருடன் வந்தான், என் பூட்டு பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் திருடர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதில் முதல் பெயர் எங்கள் ஃபார்மசிக்காரர்.

சிரித்துக்கொண்டேதான் நாயுடு சாருக்குப் போன் போட்டேன். அது அணைந்திருந்தது. அவர் ஊழியர்களோடு போகாமல் தனியாகக் குடும்பத்தோடு மலைக்குப் போயிருக்கிறார், கோயிலுக்குள் போகும் முன் போனைக் கவுண்டரில் ஒப்படைத்திருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது. மாற்று நபருக்குப் போட்டேன். அந்த சிம்மும் அதே கவுண்டரில் அதே போனுக்குள் இருந்தது.

எட்டேகாலுக்குத் திருப்பதி கிளையிலிருந்து டாக்டர் ஹேமலதா கூப்பிட்டார். குடுபல்லிக்காரப் பெண் ஒருத்தி, பெயர் புஷ்பா, அக்காள் வீட்டுக்குத் திருப்பதி வந்த இடத்தில் வலி கண்டு சேர்ந்திருக்கிறாள். ரத்தப்போக்கு நிற்கவில்லை, ரத்தம் ஏற்ற வேண்டும். ஆனால் அவளுக்கு அதே குரூப் ரத்தம் கொடுத்தாலும் உடம்பு ஏற்றுக்கொள்ளாது. எந்த வகை ஒத்துக்கொள்ளும் என்று முதல் பிரசவத்தின்போதே எங்கள் சித்தூர் லேபில் கண்டுபிடித்துப் பதிவில் எழுதியிருக்கிறார்கள் என்று புஷ்பாவே சொல்லியிருக்கிறாள். காகிதம் ஏதாவது வைத்திருக்கிறாளா என்று கேட்டேன். எல்லாம் தொலைந்துவிட்டதாக வீட்டுக்காரன் சொல்கிறான் என்றார். புதிதாகச் சோதித்துக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன்.

"மூணு மணி நேரம். என்கிட்ட ஒரு மணி நேரம்தான் இருக்கு சுகிர்தம்மா" என்றார்.

அதோடு என் சிரிப்பு நின்றது.  கிளவுட் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பையன் மிகவும் மரியாதையாகப் பேசினான். இரண்டாவது நபரின் ஒப்புதல் இல்லாமல் திறக்க முடியாது மேடம், உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்றான். கெஞ்சினேன். எத்தனை தடவை கெஞ்சினாலும் அவன் அதே மரியாதையோடு அதே வரியைச் சொன்னான். அந்த வரியை அவர்களுக்கு எழுதிக் கொடுத்ததே நான்தான்.

நாயுடு சாரின் டிரைவர் வாசுவைப் பிடித்தேன். அவர் மலைமேல் கார் நிறுத்துமிடத்தில் இருந்தார், போன் கையில் இருந்தது. ஓடிப் போய் சாரைக் கண்டுபிடி என்றேன். பத்து நிமிடம் கழித்து மூச்சு வாங்கக் கூப்பிட்டார்.

"மேடம், இங்க எல்லாமே மொட்டைதான் நடந்துக்கினு கீது. இதுல எது நம்ப சாருன்னு நான் எப்டி கண்டுபுடிக்கறது?"

என் இயந்திரமும் காலையிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே கூட்டத்தில் தொலைந்தவர்களைக் கூப்பிட ஒலிபெருக்கி அறிவிப்பு உண்டு, அங்கே போய்ச் சொல் என்றேன். அப்படியாக எங்கள் நிர்வாக அதிகாரி, மீசையால் நான்கு கட்டடங்களை ஆண்டவர், தெலுங்கில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் கன்னடத்தில் ஒரு தடவையும் தொலைந்துபோனவராக அறிவிக்கப்பட்டார். அவருக்கு முன்னால் ஐந்து வயதுக் குழந்தை ஒன்றையும், பின்னால் நெல்லூரைச் சேர்ந்த ஒரு பாட்டியையும் அறிவித்தார்களாம்.

அவர் அறிவிப்பைக் கேட்டு, கவுண்டருக்கு ஓடி, போனை வாங்கி, ஒப்புதல் பக்கத்தைத் திறந்தார். அது முகத்தைக் காட்டு என்றது. காட்டினார். மூன்று தடவை மறுத்துவிட்டு, அவரையும் திருடர்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

அப்போது மணி எட்டு நாற்பத்தைந்து. இனி ஒரே வழிதான். அவருடைய புது முகத்தை நான் என் பக்கத்திலிருந்து பதிவு செய்ய வேண்டும். விதிப்படி அதற்கு அவர் நேரில் வர வேண்டும். மலையிலிருந்து சித்தூர் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவர் வீடியோவில் கூப்பிட்டார்.

திரையில் ஒரு மனிதர் தெரிந்தார். பளபளவென்ற தலை, அதில் சந்தனம், மீசை இருந்த இடத்தில் வெயிலே படாத வெளுத்த தோல். இருபது வருடம் அவர் எதிரில் நின்றிருக்கிறேன், என்னால் அடையாளம் சொல்ல முடியவில்லை. அவர் தம்பி என்று சொல்லி யாராவது நின்றிருந்தால் நம்பியிருப்பேன். குரலைக் கேட்டேன், குரல் அவருடையதுதான். ஆனால் போன மாதம் வந்த குரலும் அவருடையதுதானே? முகத்தையும் குரலையும் செய்து கொடுக்கிற காலம் இது. ஆஸ்பத்திரியையே மூடவைத்து, நான் பதறும் நேரம் பார்த்துத் திறக்கச் சொல்வதுதான் இந்தத் திருட்டின் வழி என்று பயிற்சி வகுப்பில் நானே பாடம் எடுத்திருக்கிறேன். உள்ளே இருப்பது நான்கு ஊர் ஜனங்களின் அந்தரங்கம். அங்கே ஒருத்திக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. 

எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. யோசித்தால் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"சார், மாற்று நபர் கட்டத்துல யார் பேர எழுதினீங்க?"

 பின்னால் கோவிந்தா கோவிந்தா என்று கூட்டம் போய்க்கொண்டிருந்தது. பிறகு மிக மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"என் பேருதாம்மா. ரெண்டாவது சிம் நம்பர் போட்டு எழுதினேன். நீயும் பாத்தே, பாத்துட்டு கையெழுத்து போட்டே. அப்பவே எதுக்கும்மா சொல்லலே?"

"பயந்துக்கினு சொல்லல சார்."

"சரி. இப்ப பயப்படாம தொற."

திறந்தேன். அதற்கு முன் படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டியிருந்தது. 'நபரை நேரில் பார்த்து உறுதி செய்தேன்' என்று அதில் எழுதியிருந்தது. வேறு கட்டம் கிடையாது, அந்தப் படிவத்தையும் தயாரித்தது நான்தான். என் சர்வீஸில் எழுத்து மூலமாகச் சொன்ன ஒரே பொய் அது. டிக் போட்டேன், அவர் புது முகம் பதிவானது, அவர் ஒப்புதல் கொடுத்தார், நான் ஒப்புதல் கொடுத்தேன். ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது டாக்டர் ஹேமலதா பதிவைப் படித்தார். ரத்த வங்கிக்கு என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தது, ரத்தம் வந்தது. பதினொன்றரைக்கு, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், பெண் குழந்தை என்று சொன்னார். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டு அழுதேன். வெளியே வந்தபோது முனிரத்தினம் இன்னும் கண்மை மீசையோடு நின்று, என்ன மேடம் ஆச்சு என்று கேட்டான். அவனைப் பார்த்ததும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே என்மேல் நானே புகார் எழுதினேன். ஊர் வழக்கம் தெரியாமல் முகப் பூட்டு வைத்தது, மாற்று நபர் கட்டத்தைப் பார்த்தும் வாய் திறக்காதது, நேரில் பார்க்காமல் பார்த்ததாக எழுதியது என்று மூன்று குற்றங்கள். செவ்வாய்க்கிழமை நாயுடு சார் அதைப் படித்தார். பேனாவை எடுத்து நான்காவதாகத் தன் குற்றம் ஒன்றைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, மாடிவரை கேட்கும் குரலில் திட்டினார். கேட்க இதமாக இருந்தது. மாற்று நபராகத் தலைமை நர்ஸ் ஸ்டெல்லாவைப் போடலாம் என்றேன். "அந்தம்மா உங்க சபைதானே? நிச்சயமா மொட்டை போடாது இல்ல?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அடுத்த மூன்று நாள் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, மொட்டைகளை ஒவ்வொன்றாக நேரில் பார்த்துப் பதிவு செய்தேன். இவர் இவர்தான் என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சில சாட்சிகளுக்கே சாட்சி தேவைப்பட்டது.

சனிக்கிழமை திருப்பதி கிளைக்கும் அதே வேலையாகப் போனேன். டாக்டர் ஹேமலதா என்னை வார்டுக்கு அழைத்துப் போய், கம்ப்யூட்டரைத் திறந்து கொடுத்தவர் இவர்தான் என்று புஷ்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் மாமியார் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை வைத்துக்கொண்டு நிற்க எனக்குக் கூசியது. முதலில் பூட்டினதும் நான்தாம்மா, உன் உயிரோடு விளையாடிவிட்டேன், மன்னித்துவிடு என்று நேராகவே சொன்னேன்.

 புஷ்பா மாமியாரைச் சுடுதண்ணீர் வாங்கிவரச் சொல்லி அனுப்பினாள். அவர் வராந்தா திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்னைக் கிட்டே வரச் சொன்னாள்.

"அக்கா, அந்தக் கம்ப்யூட்டர்ல என்னப் பத்தி கீறதெல்லாம் மறுபடி பூட்டிட்டீங்களா?"

ஏன் கேட்கிறாய் என்றேன். காகிதங்கள் தொலையவில்லை, முதல் பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகும்போதே அவள்தான் கிழித்துப் போட்டாளாம்.

"எங்க அத்தைக்குப் படிக்கத் தெரியும்கா" என்றாள்.

மாமியார் படிக்கக் கூடாதது என்ன அந்தப் பதிவில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. பார்க்கிற உரிமை ஓய்வு பெறும் நாள்வரை என்னிடம் இருந்தது, பார்த்ததில்லை. பூட்டிவிட்டேன், டாக்டரைத் தவிர யாராலும் திறக்க முடியாது என்று சொன்னேன். நிஜமாகவா என்று இன்னொரு தடவை கேட்டாள். நிஜமாக என்றேன். மாமியார் சுடுதண்ணீரோடு வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் குழந்தையின் மூக்கு யார் சாடை என்று பேசிக்கொண்டிருந்தோம்.